ஃபோர்ஸ்கோலின் பற்றி எழுதும்போது அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கூர்க்கன் கிழங்கைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கிழங்கிலுள்ள ஃபோர்ஸ்கோலின் கொழுப்பைக் கரைப்பது ஆய்வகத்தில் உறுதியாகிவிட்டது என்று சொல்லி, அதன் மாத்திரையையும் பரிந்துரைக்கிறது கட்டுரை. எந்தச் செல்லில், எந்தச் செறிவில், எவ்வளவு நேரத்தில் என்ற விவரம் அதில் இல்லை. இந்தச் சேர்மத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றையும் விட்டுவிட்டால் மீதி எதுவும் நிற்காது. செல் ஆய்வில் இதைக் கையாள்பவர்கள் என்ற முறையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். இதை வைத்து ஆய்வுத் திட்டம் செய்யும் முதுகலை மாணவர்களும் தங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களையும் மனத்தில் வைத்திருக்கிறோம்.

முதலில் செடி. மருந்துக்கூர்க்கன் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்பது பழகிய தாவரப் பெயர். இன்றைய வகைப்பாட்டில் கோலியஸ் பார்பேட்டஸ். கற்பூரவள்ளியும் அதே பேரினம்தான் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். உறவுச் செடிகள் பலவற்றில் ஃபோர்ஸ்கோலினைத் தேடியவர்களுக்கு அது மருந்துக்கூர்க்கனில் மட்டுமே கிடைத்தது. சமையலுக்கு வாங்கும் சிறுகிழங்கும் வேறு செடி. மருந்துக்கூர்க்கனிலும் இந்தச் சேர்மம் வேரில்தான் சேர்கிறது, அதுவும் தக்கைத் திசுச் செல்களின் எண்ணெய்த் துளிகளில். உலர்ந்த வேரின் எடையில் அது பெரும்பாலும் 0.5 சதவீதத்தைத் தாண்டாது.

1970களில் இந்தியாவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைப் பிரித்தெடுத்தன. ஒன்று பம்பாயில் இருந்த ஹோக்ஸ்ட் ஆய்வு மையம், மற்றது லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம். லக்னோ குழு வைத்த பெயர் கோலியோனால். இரண்டும் ஒரே மூலக்கூறுதான் என்பது பின்னரே தெளிவானது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இதயத் துடிப்பை வலுவாக்கும் பொருள் என்ற அளவில் இருந்த அதன் மதிப்பு 1981ல் மாறியது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் சீமன், பாட்ஜெட், டேலி மூவரும் அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாக முடுக்குகிறது என்று காட்டினார்கள்.

அதன் அருமை புரிய வேண்டுமானால் ஒரு ஹார்மோன் வேலை செய்யும் வழியைப் பார்க்க வேண்டும். அட்ரினலின் செல்லின் வெளிப்பரப்பிலுள்ள ஏற்பியில் ஒட்டுகிறது; ஏற்பி ஜி புரதத்தைத் தூண்டுகிறது; ஜி புரதம் அடினைலைல் சைக்ளேஸைத் தூண்டுகிறது; அந்த நொதி செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றுகிறது. ஃபோர்ஸ்கோலின் முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேரே நொதியில் போய் அமர்கிறது. ஏற்பி இல்லாத செல்லிலும், செல்களை வளர்க்கும் ஊடகத்தில் ஹார்மோனே இல்லாதபோதும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றலாம். அடினைலைல் சைக்ளேஸைத் தூய்மைப்படுத்தவே இதைப் பிணைத்த சிறுமணிகளை நிரப்பிய பிரிப்புக் குழாய்கள்தான் உதவின. 1997ல் வெளியான படிக அமைப்பில், நொதியின் இரண்டு வினையூக்கப் பகுதிகள் சேரும் இடுக்கில் ஃபோர்ஸ்கோலின் பொருந்தி அவ்விரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

மேசை வேலைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன.

ஃபோர்ஸ்கோலினின் மூலக்கூறு எடை 410.5. நீரில் அனேகமாகக் கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலும் எத்தனாலிலும் கரையும். 10 மில்லிகிராம் குப்பியில் 2.44 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ சேர்த்தால் 10 மில்லிமோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) மூலக்கரைசல் கிடைக்கும். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் ஊடகத்தில் விட்டால் 10 மைக்ரோமோலார். டிஎம்எஸ்ஓவின் அளவு 0.1 சதவீதம். பெரும்பாலான செல்கள் அதைத் தாங்கும். மூலக்கரைசலைப் பாலிப்ரோப்பிலீன் குழாய்களில் 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்கக் கூடாது. டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் ஏறிய மூலக்கரைசலில் ஃபோர்ஸ்கோலின் சத்தமில்லாமல் படிந்துவிடும், மேலே உள்ள தெளிவைப் பிப்பெட்டில் எடுப்பவருக்குச் செறிவு குறைந்தது தெரியாது. வடிகட்டியே ஆக வேண்டுமென்றால் டெஃப்லான் சவ்வு. செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வை டிஎம்எஸ்ஓ கரைத்துவிடும்.

செறிவுவரிசை தயாரிக்கும்போது நடக்கும் தவறு ஒன்று மிகப் பரவலானது. மூலக்கரைசலை ஊடகத்தில் 100 மைக்ரோமோலாருக்கு நீர்த்து, அதிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஊடகத்திலேயே இறக்கிக்கொண்டு போகிறார்கள். முதல் குழாயிலேயே பொருள் படிய வாய்ப்புண்டு. போதாததற்குச் செல் தட்டின் ஒவ்வொரு குழியிலும் டிஎம்எஸ்ஓவின் அளவு வேறுபடுகிறது. வரிசை முழுவதையும் டிஎம்எஸ்ஓவில் தயாரித்து, ஒவ்வொன்றையும் ஒரே விகிதத்தில், 37 டிகிரிக்குச் சூடாக்கிய ஊடகத்தில் கலக்கியபடியே சொட்டவிட வேண்டும். அப்போது எல்லாக் குழிகளிலும், வெறும் கரைப்பான் மட்டும் சேர்த்த குழியிலும், டிஎம்எஸ்ஓ சமமாக இருக்கும். காரத்தன்மை உள்ள கரைசலில் நீண்ட நேரம் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். மூலக்கூறின் 7ஆம் கார்பனில் உள்ள அசிட்டைல் தொகுதி காரத்தில் 6ஆம் கார்பனுக்கு நகரும், கழன்றும் போகும்.

தூய்மையைச் சோதிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த மூலக்கூறில் புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும் இணைவுற்ற பிணைப்புகள் இல்லை. வழக்கம்போல, சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியை 254 நானோமீட்டரில் வைத்தால் கிழங்குச் சாற்றின் மற்ற சேர்மங்கள்தான் உயரமான முகடுகளாகத் தெரியும், ஃபோர்ஸ்கோலின் கண்ணில் படாது. 210 முதல் 220 நானோமீட்டரில் பார்க்க வேண்டும், அந்த அலைநீளத்தில் உறிஞ்சாத அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானோடு. மென்படலத் தட்டில் என்றால் அனிசால்டிஹைடு-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால்தான் புள்ளி நிறம் பெறும்.

செல்லில் சேர்த்த சில நிமிடங்களிலேயே சைக்ளிக் ஏஎம்பி ஏறும். செல்லிலுள்ள ஃபாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் நொதிகள் அதை உடனுக்குடன் உடைத்துக்கொண்டும் இருக்கும். அதனால் அளவிடும் சோதனைகளில் ஐபிஎம்எக்ஸ் என்ற தடுப்பானை முன்கூட்டியே சேர்ப்பது வழக்கம். 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் 111 மில்லிகிராம் கரைத்தால் 0.5 மோலார், ஊடகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 0.5 மில்லிமோலார். இத்துடன் டிஎம்எஸ்ஓ 0.2 சதவீதம் ஆகிவிடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஐபிஎம்எக்ஸ் அடினோசின் ஏற்பிகளையும் அடைக்கும் என்பதால், அடினோசின் தொடர்பான ஆய்வில் அது உதவாது. ரோலிப்ராம் போன்ற வேறு தடுப்பான்களுக்குப் போக வேண்டும். சைக்ளிக் ஏஎம்பியை அளக்க 10 முதல் 30 நிமிடம் போதும். சைக்ளிக் ஏஎம்பியின் தூண்டலால் மரபணுக்களை இயக்கும் கிரெப் புரதத்தின் 133ஆம் அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான். மரபணு இயங்குவதை லூசிஃபெரேஸ் நொதி தரும் ஒளியால் அளக்கும் சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் தேவை. வினையை நிறுத்த ஊடகத்தை உறிஞ்சிவிட்டு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நொதிகள் அப்போதே செயலிழக்கும். ஊடகத்தைக் கொட்டிவிட்டுத் தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் அளவு மாறியிருக்கும்.

எல்லாச் செல்லும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டாது. பாலூட்டிகளில் செல்சவ்வு சார்ந்த அடினைலைல் சைக்ளேஸ் 9 வகை. அவற்றில் 9ஆம் வகை ஃபோர்ஸ்கோலினுக்கு அசைவதே அரிது. சவ்வில் இல்லாமல் கரைநிலையில் இருக்கும் 10ஆவது வகையும் அப்படியே. அதைத் தூண்டுவது பைகார்பனேட். விந்தணுக்களில் முதன்மையானது இந்த 10ஆவது வகைதான் என்பதால், அங்கே ஃபோர்ஸ்கோலின் வேலை செய்யவில்லையென்று குப்பியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் பல செல்களின் வடிவமே மாறும். ஒய்1 அட்ரினல் செல்கள் உருண்டுவிடும். மூளையின் நட்சத்திரச் செல்கள் கிளை விட்டதுபோல் ஆகும். உருண்ட செல்லைப் பார்த்து நச்சுத்தன்மை என்று எழுதிவிடுகிறார்கள். செல்களின் உயிர்ப்பை நிறமாற்றத்தால் பார்க்கும் எம்டிடி சோதனையும் இங்கே துணை நிற்காது. அது உயிருள்ள செல்களை எண்ணுவதில்லை, வளர்சிதை மாற்றத்தின் வேகத்தை அளக்கிறது. பெருகுவதை நிறுத்திய செல்லும் செத்த செல்லும் அதில் ஒன்றுபோலவே தெரியும். ஊடகத்தைக் கழுவிப் புதிதாக மாற்றி மறுநாள் பார்த்தால், உயிரோடிருக்கும் செல்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கும்.

இனி, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. ஃபோர்ஸ்கோலின் செய்வதெல்லாம் சைக்ளிக் ஏஎம்பி வழியாகத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அது குளுக்கோஸ் கடத்திப் புரதங்களில் ஒட்டிச் சர்க்கரை உள்ளே போவதைத் தடுக்கிறது. சில பொட்டாசியம் கால்வாய்களைப் பாதிக்கிறது. கல்லீரலில் பிஎக்ஸ்ஆர் என்ற உட்கரு ஏற்பியைத் தூண்டி, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. இவற்றைப் பிரித்தறிய இயற்கையே ஒரு துணை தந்திருக்கிறது. அதே செடியில் உள்ள 1,9-டைடீஆக்சிஃபோர்ஸ்கோலின் அடினைலைல் சைக்ளேஸைத் தூண்டாது. குளுக்கோஸ் கடத்தியையும் கால்வாய்களையும் ஃபோர்ஸ்கோலினைப் போலவே பாதிக்கும். இரண்டையும் ஒரே செறிவில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட வேண்டும். விளைவு இரண்டிலும் வந்தால் அதைச் சைக்ளிக் ஏஎம்பியின் கணக்கில் எழுத முடியாது. இந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத கட்டுரையை நாங்கள் நம்புவதில்லை. கூடவே, செல்லுக்குள் புகக்கூடிய டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பியால் அதே விளைவு வருகிறதா என்றும் பார்க்கலாம். சைக்ளிக் ஏஎம்பி தூண்டும் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி வழியாகத்தான் நடக்கிறது என்று காட்ட ஹெச்-89 தடுப்பானை மட்டும் நம்புபவர்கள் உண்டு. அது ராக் உள்ளிட்ட வேறு பல கைனேஸ்களையும் அடைக்கும். அதே நொதியைத் தடுக்கும் ஆர்பி-சைக்ளிக் ஏஎம்பிஎஸ் அல்லது பிகேஐ பெப்டைடைக் கொண்டு உறுதிசெய்வது நல்லது.

இயல்பான ஹார்மோனுக்கு இது சரியான மாற்று அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இதயத் தசைச் செல்லில் ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தும், ஹார்மோன் போன்ற புரோஸ்டாகிளாண்டின் இ1ம் இரண்டுமே சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும். சுருக்க விசையைக் கூட்டுவது முன்னதுதான். செல்லின் எந்த மூலையில் சைக்ளிக் ஏஎம்பி உண்டாகிறது என்பது அவ்வளவு முக்கியம். ஃபோர்ஸ்கோலினோ எல்லா மூலைகளிலும் ஒரே நேரத்தில் மடை திறந்துவிடுகிறது.

இத்தனை எச்சரிக்கையோடு பயன்படுத்தினால் அது தரும் பயன் பெரிது. எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய். சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு கால்வாய் பழுதடைவதால் வருவது அது. நோயாளியின் மலக்குடலிலிருந்து சிறு திசுத் துணுக்கு எடுத்து, ஜெல்லில் குட்டிக் குடல் உருண்டைகளாக, அதாவது ஆர்கனாய்டுகளாக வளர்க்கிறார்கள். ஃபோர்ஸ்கோலின் சேர்த்ததும் சைக்ளிக் ஏஎம்பி ஏறி, சிஎஃப்டிஆர் திறந்து, குளோரைடும் பின்னாலேயே நீரும் உள்ளறைக்குள் வர, உருண்டை வீங்கும். நெதர்லாந்துக் குழு ஒன்று 2013ல் இதை விரிவாக வெளியிட்டது. கால்வாய் பழுதான நோயாளியின் உருண்டை வீங்காது, அல்லது சற்றே வீங்கும். அதற்கு ஐவகாஃப்டர், லுமகாஃப்டர் போன்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து வீக்கம் திரும்புகிறதா என்று அளந்தால், அந்த மருந்து அந்த நோயாளிக்கு உதவுமா என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது. மிக அரிய மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பெரிய மருத்துவப் பரிசோதனை நடத்த ஆளே கிடைக்காத நிலையில், இந்தச் சோதனை எவ்வளவு அருமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதிலும் செறிவே எல்லாம். 0.02 முதல் 5 மைக்ரோமோலார் வரை பல அளவுகளில் பார்க்கிறார்கள். உருண்டைகளுக்குக் கால்சீன் பச்சை என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை என ஒரு மணி நேரம் படமெடுத்து, தொடக்கப் பரப்பளவை 100 எனக் கொண்டு வீக்கத்தைக் கணக்கிடுவார்கள். 5 மைக்ரோமோலாரில் மட்டும் பார்த்தால் ஓரளவு வேலை செய்யும் கால்வாயும் முழு வீக்கம் காட்டிவிடும், மருந்தின் பயன் தெரியாது. நலமான ஒருவரின் உருண்டைகளோ தொடக்கத்திலேயே ஊதியிருக்கும், மேலும் வீங்க இடமிருக்காது. தட்டையான செல்படலத்தில் மின்னோட்டத்தை அளப்பவர்கள் முதலில் 100 மைக்ரோமோலார் அமிலோரைடு கொடுத்துச் சோடியம் கால்வாயை அடைத்துவிட்டு, பிறகு 10 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின், அடுத்து ஐவகாஃப்டர், கடைசியில் சிஎஃப்டிஆர் தடுப்பான்-172 என்ற வரிசையில் போவார்கள். கடைசித் தடுப்பானில் மின்னோட்டம் விழுந்தால்தான் அது சிஎஃப்டிஆரின் மின்னோட்டம்.

மருந்துத் தேடலில் இன்னொரு பயன். ஓபியாய்டு ஏற்பி, டோபமின் டி2 ஏற்பி போன்றவை சைக்ளிக் ஏஎம்பியைக் குறைப்பவை. ஓய்விலிருக்கும் செல்லில் அது ஏற்கெனவே குறைவு. குறைந்ததை மேலும் குறைத்தால் கருவிக்குத் தெரியாது. அதனால் ஃபோர்ஸ்கோலினால் முதலில் ஏற்றிவிட்டு, சோதிக்கும் பொருள் எவ்வளவு இறக்குகிறது என்று அளக்கிறார்கள். உச்ச அளவு கொடுத்தால் ஏற்பியின் தடை அதில் மறைந்துபோகும். உச்ச விளைவின் 80 சதவீதத்தை ஒட்டிய செறிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். செல் வகை மாறினால், ஏன், செல் எண்ணிக்கை மாறினாலே அது மாறும். நஞ்சுக்கொடி ஆய்வில் பீவோ செல்களை 20 முதல் 50 மைக்ரோமோலாரில் 48 மணி நேரம் வைத்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து ஹெச்சிஜி ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். நரம்பு உறை அமைக்கும் ஷ்வான் செல்களைப் பெருக்க நியூரெகுலினோடு 2 மைக்ரோமோலார் சேர்க்கிறார்கள். ஃபோர்ஸ்கோலினால் கண் அழுத்தம் குறைவதை 1983ல் மனிதரிலும் காட்டினார்கள். ஃபோர்ஸ்கோலினை நீரில் கரையும்படி மாற்றிய கோல்ஃபோர்சின் டாரோபேட் ஜப்பானில் திடீர் இதயச் செயலிழப்புக்கான ஊசி மருந்தாக ஒப்புதல் பெற்றது.

கடைசியாக, கட்டுரை பரிந்துரைத்த மாத்திரை. வழக்கமாக விற்பது 10 சதவீதச் சாறு 250 மில்லிகிராம். ஃபோர்ஸ்கோலின் 25 மில்லிகிராம்தான், ஏறத்தாழ 61 மைக்ரோமோல். அது ஒரு துளி வீணாகாமல் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் எதையும் சிதைக்காமல், உடலின் 40 லிட்டர் நீரில் சமமாகப் பரவியது என்றே வைத்துக்கொள்வோம். செறிவு 1.5 மைக்ரோமோலார். நடக்க முடியாத அந்த நிலையிலும், செல் ஆய்வில் பாதி விளைவுக்குத் தேவைப்படும் 5 முதல் 10 மைக்ரோமோலாருக்குக் கீழேதான் நிற்கிறது. ஆர்கனாய்டு அதைவிடக் குறைவான அளவிலேயே வீங்குகிறதே என்று கேட்கலாம். அங்கே அளப்பது வெகுவாகப் பெருக்கப்பட்ட கடைசி விளைவை. பொருள் நேரே செல்லின் மேலேயே ஊற்றப்படுகிறது. மேலும், ஆய்வகத் தட்டிலுள்ள கொழுப்புச் செல்லை இன்சுலின் எதிர்ப்பதில்லை. உடலில் இன்சுலின் பிடிஇ3பி என்ற ஃபாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் நொதியை முடுக்கி, கொழுப்பைக் கரைக்கத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும். அதையும் மீறி விடுபடும் கொழுப்பு அமிலம் எரிக்கப்படாவிட்டால் திரும்பவும் கொழுப்பாகவே சேமிக்கப்படும்.

மனிதரில் நடந்த சோதனைகளும் சிறியவை. 2005ல் வெளியான இரண்டிலும் இதே அளவை நாளுக்கு இருமுறை 12 வாரம் கொடுத்தார்கள். 30 ஆண்களைக் கொண்ட ஒன்றில் உடற்கொழுப்பு விகிதம் குறைந்தது. 23 பெண்களைக் கொண்ட மற்றதில் எடை குறையவில்லை. இதிலிருந்து பரிந்துரை எழுதுவதற்கு இடமில்லை. கட்டுரை முதல் சோதனையை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டிருப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

இந்த மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்களுக்காகக் கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறோம். ஃபோர்ஸ்கோலின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கூடியது. ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கக் கூடியது. ரத்த அழுத்த மருந்து, வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடரக் கூடாது. அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். பிஎக்ஸ்ஆர் வழியாகக் கல்லீரல் நொதிகள் கூடினால் வேறு மருந்துகளும் கருத்தடை மாத்திரையும் வேகமாகச் சிதைந்து பலன் குறைய வாய்ப்புண்டு. எலிகளில் இந்தக் கிழங்குச் சாறு கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்திருக்கிறது. அந்த விளைவு தூய ஃபோர்ஸ்கோலினால் வந்ததாகத் தெரியவில்லை, எனவே 10 சதவீதச் சாற்றின் மீதி 90 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உயிர்மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள் சிலர்